இரண்டாவது மாடியில் ரேடியோவுக்கு எர்த் எங்கே இருக்கிறது?

நீங்கள் கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் 30-40 (முப்பதுக்கு நாற்பது அடி) சைட்டில் கட்டிய வாடகை வீடு, இரண்டாவது மாடியில் அறை. மேஜையில் 100 வாட் எச்.எஃப். ரிக் (சிற்றலையில் பேசவும் கேட்கவும் உதவும் அமெச்சூர் ரேடியோ), பவர் சப்ளை, ஆன்டெனாவை ரிக்குக்குப் பொருத்தித் தரும் டியூனர், பக்கத்தில் கம்ப்யூட்டர். டியூனரிலிருந்து ஒற்றைக் கம்பி ஜன்னல் வழியாக மொட்டைமாடிக்கு ஏறி, ஓவர்ஹெட் டேங்க் பக்கத்தில் கட்டப்பட்டிருக்கிறது. 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) பேசினால் மைக் உதட்டில் சுருக்கென்று கடிக்கிறது, மௌஸ் உறைந்துபோகிறது. 20 மீட்டர் பேண்டில் (14 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) அவ்வளவாக இல்லை. "எர்த் சரியில்லை, தடிமனான கம்பியைக் கீழே இறக்கி மண்ணில் ராடு அடி" என்கிறார் நண்பர். காம்பவுண்டில் குழி தோண்ட விடமாட்டேன் என்கிறார் ஓனர். அதனால் தண்ணீர்க் குழாய், ப்ளக் பாயின்ட்டின் எர்த், கட்டடத்தின் வெளிச்சுவரில் இறங்கும் இடிதாங்கிப் பட்டை, இந்த மூன்றில் எதில் மாட்டலாம் என்று கேட்கிறீர்கள்.

எதில் மாட்டுவது என்று பார்ப்பதற்கு முன்னால், எதற்காக மாட்டுகிறோம் என்று பார்க்க வேண்டும். எர்த் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று வேலைகளைப் பற்றிப் பேசுகிறோம். கரண்ட் கசிந்தால் ஆளைக் காப்பது ஒன்று. இடி விழுந்தால் அதற்கு வழி விடுவது இன்னொன்று. ஆன்டெனாவுக்குப் போகிற ரேடியோ அலை மின்னோட்டம் திரும்பி வர ஒரு பாதை கொடுப்பது மூன்றாவது. உங்கள் உதட்டைக் கடிப்பது மூன்றாவது சமாச்சாரம். நண்பர் சொல்லும் மருந்து முதலாவதற்கானது. நீங்கள் பார்த்துவைத்திருக்கும் இடிதாங்கிப் பட்டை இரண்டாவதுக்கு உரியது.

நான் இந்த ஊரில் முப்பது வருஷமாக மாடி வீடுகளிலேயே ரேடியோ வைத்திருப்பவன். வேலை பார்த்ததும் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில்தான். ஆனால் கட்டட வயரிங்குக்கு லைசன்ஸ் வாங்கியவன் அல்ல, உங்கள் மெயின் போர்டை நான் பார்க்கவும் இல்லை. மெயின் போர்டு சம்பந்தமாகக் கீழே சொல்வதை லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துத்தான் செய்ய வேண்டும்.

நண்பர் சொன்னதை நானே ஒருமுறை செய்து பார்த்திருக்கிறேன். தொண்ணூறுகளில் ஹலசூரில் இதே மாதிரி இரண்டாவது மாடி. அந்த ஓனர் நல்ல மனுஷர், பின்பக்கம் குழி வெட்டிக்கொள்ளச் சொன்னார். கரியும் உப்பும் போட்டு, ஜி.ஐ. பைப் இறக்கி, எஸ்.பி. ரோட்டில் வாங்கிய நல்ல செம்புக் கம்பியை மேஜையிலிருந்து ஜன்னல், சன்ஷேட் எல்லாம் சுற்றி இறக்கினேன். மொத்தம் கிட்டத்தட்ட 11 மீட்டர். 20 மீட்டர் பேண்டில் ரிக் பசு மாதிரி சாதுவாக இருந்தது. அன்று ராத்திரி 40 மீட்டருக்கு மாற்றி மைக்கை வாயருகே கொண்டுபோனதும் உதட்டில் வெள்ளையாக ஒரு புள்ளி வெந்துவிட்டது. எர்த் போடுவதற்கு முன்பு இருந்ததைவிட மோசம். குழியில் இன்னும் நாலு படி உப்பு கொட்டினேன். ஒன்றும் மாறவில்லை.

காரணம் குழியில் இல்லை, கம்பியின் நீளத்தில் இருந்தது. 7.1 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 42 மீட்டர், அதில் கால் பங்கு பத்தரை மீட்டர். கம்பி கால் அலை நீளம் இருந்து, கீழ்முனை மண்ணில் இருந்தால், மேல்முனையில் மின்னழுத்தம் உச்சத்தில் நிற்கும். கயிற்றின் ஒரு நுனியை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு மறு நுனியைக் கையில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கட்டிய இடம் அசையாது, கை இருக்கிற இடம்தான் அதிகம் ஆடும். அந்த ஆடும் நுனியைத்தான் நான் ரிக்கின் உடம்பில் மாட்டியிருந்தேன். 14.2 மெகாஹெர்ட்ஸில் அதே கம்பி அரை அலை ஆகிறது. அப்போது மேல்முனையும் கீழ்முனையைப் போலவே அசையாமல் இருக்கும். 20 மீட்டரில் சாதுவாக இருந்ததற்கு இதுதான் விளக்கம், எர்த் நன்றாக இருந்தது அல்ல. உங்கள் வீட்டில் மேஜையிலிருந்து மண் வரைக்கும் கம்பி போகிற தூரம் ஏறக்குறைய இதே அளவுதான் வரும். குழி தோண்ட விடாத ஓனர் ஒரு வகையில் உங்களுக்கு உதவி செய்திருக்கிறார்.

தடிமனான கம்பி போட்டால் சரியாகிவிடாதா என்றால், ஆகாது. 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள 10 மீட்டர் நேர்க்கம்பியின் தூண்டம் (மின்னோட்டம் மாறுவதைத் தடுக்கும் குணம்) ஏறக்குறைய 16 மைக்ரோஹென்றி. விட்டத்தை இரட்டிப்பாக்கினால் 15 ஆகும், அவ்வளவுதான். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸில் அந்த 15 மைக்ரோஹென்றி ஒரு ஓமில் இருநூறில் ஒரு பங்குகூட எதிர்க்காது. அதனால்தான் கசிவு மின்சாரத்துக்கு அது அருமையான எர்த். 7.1 மெகாஹெர்ட்ஸில் அதே கம்பி சுமார் 670 ஓம், கால் அலைக் கணக்கையும் சேர்த்தால் இன்னும் மேலே போகும். உங்கள் கோயாக்ஸ் (நடுவில் கம்பி, அதைச் சுற்றி வெளிப்பின்னல் உள்ள ரேடியோ கேபிள்) 50 ஓம் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். இத்தனை எதிர்ப்பைத் தாண்டி மண்ணுக்குப் போவதைவிட மைக் வயர், யு.எஸ்.பி. கேபிள், உங்கள் உதடு என்று பக்கத்தில் கிடைத்த வழியில் போவதுதான் அந்த மின்னோட்டத்துக்குச் சுலபம்.

எர்த் போட்டால் எல்லாம் சரியாகும் என்ற எண்ணம் நம்மிடம் வேரோடியிருப்பதற்குக் காரணம் உண்டு. 1895-ல் மார்க்கோனி ஒரு முனையை உயரத் தூக்கி, மறு முனையை மண்ணில் புதைத்த பிறகுதான் அவருக்குத் தூரம் கிடைத்தது. நம் வீட்டு வால்வு ரேடியோக்களின் பின்பலகையில் ஏரியலுக்கு ஒரு ஓட்டை, எர்த்துக்கு ஒரு ஓட்டை இருக்கும். அடிபம்புக் குழாயில் எர்த் கட்டிய வீட்டில் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்டது என்று அப்பாக்கள் சொன்னதும் பொய் இல்லை. அது தரையோடு இருந்த வீடு, இரண்டு மீட்டர் கம்பி, கேட்க மட்டுமே தெரிந்த பெட்டி.

சரி, உங்கள் மூன்று இடங்களுக்கு வருவோம். தண்ணீர்க் குழாயை மறந்துவிடுங்கள். இப்போது கட்டுகிற வீடுகளில் குழாய் பி.வி.சி. அல்லது சி.பி.வி.சி., அது எர்த்தே இல்லை. மேலே கொஞ்ச தூரம் ஜி.ஐ. தெரிந்தாலும் கீழே எங்கேயோ பிளாஸ்டிக் புகுந்திருக்கும். அப்போது ஏதாவது கசிந்தால் பாத்ரூம் குழாயைத் தொடுகிறவருக்குத்தான் ஷாக். கேஸ் குழாய் பக்கம் போகவே கூடாது. இடிதாங்கிப் பட்டையும் வேண்டாம். இடி விழுந்தால், இறங்குகிற பட்டையின் நடுப்பகுதியில் அந்த நேரத்தில் லட்சக்கணக்கான வோல்ட் நிற்கும். அங்கிருந்து ஒரு கிளை எடுத்து உள்ளே கொண்டுவந்தால் இடிக்கு உங்கள் மேஜைக்கு வழி போட்டுக் கொடுத்ததாகிவிடும்.

மீதி இருப்பது ப்ளக் பாயின்ட் எர்த். மைக் கடிப்பதை அது நிறுத்தாது. ஆனால் ரிக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டாயம் தேவைப்படுவது அது ஒன்றுதான். பவர் சப்ளையின் மூன்று பின் பிளக் நேராக அதில் போகட்டும். மேல்பின்னை ஒதுக்கிவிடும் இரண்டு பின் அடாப்டர் வேண்டவே வேண்டாம். எர்த் இல்லாமல் ஓடும் எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டரில் இருப்பது போன்ற ஸ்விட்சிங் வகை) சப்ளையின் உடம்பில், உள்ளே இருக்கும் வடிகட்டி மின்தேக்கிகளால் 230 வோல்ட்டில் பாதி, அதாவது 115 வோல்ட் வரை மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு, கை வைத்தால் சுரசுரவென்றிருக்கும். லேப்டாப்பின் உலோக உடம்பில் விரலை ஓட்டும்போது தெரிகிற அதே சுரசுரப்பு. இதையும் மைக் கடிப்பதையும் பலர் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். பேசாதபோதும் சுரசுரத்தால் அது எர்த் கோளாறு. பேசும்போது மட்டும் கடித்தால் அது ரேடியோ அலை.

இந்த ஊர் வாடகை வீடுகளில் ஒரு பொல்லாத பழக்கம் உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எர்த் வயரே இழுக்காத பழைய வீட்டில் ஓனர் 'எர்த் வேண்டும்' என்று சொன்னால், சில எலக்ட்ரீஷியன்கள் போர்டைத் திறந்து நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்து எர்த் பின்னில் சொருகிவிடுவார்கள். மீட்டர் வைத்தால் எல்லாம் அழகாகக் காட்டும். நியூட்ரல் எங்காவது அறுந்தாலோ, யாராவது ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்தாலோ உங்கள் ரிக், கம்ப்யூட்டர், டேபிள் ஃபேன் எல்லாவற்றின் உடம்பிலும் முழு 230 வோல்ட் வந்து உட்காரும். ஹலசூர் வீட்டில் எனக்கு அப்படித்தான் இருந்தது. ஸ்விட்ச்போர்டைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது, அதுவரை மூன்று வருஷம் அதை நம்பி உட்கார்ந்திருக்கிறேன்.

கண்டுபிடிக்க ஒரு வழி. மல்டிமீட்டரால் ஃபேஸ்-நியூட்ரல் அளந்தால் 230-ஐ ஒட்டி வரும், ஃபேஸ்-எர்த்தும் அதே அளவு வர வேண்டும். அப்புறம் அதே லைனில் இஸ்திரிப்பெட்டி போல ஒரு பெரிய லோடை ஓட விட்டு நியூட்ரல்-எர்த் பாருங்கள். எர்த் தனியாக வந்திருந்தால் ஒன்றிரண்டு வோல்ட் காட்டும். லோடு போட்டாலும் எடுத்தாலும் அசையாமல் சுழியமே காட்டினால் அந்தத் துண்டு வயரைச் சந்தேகப்படுங்கள். ஐம்பது, நூறு வோல்ட் என்று அலைந்தால் எர்த் எங்கும் இணையவில்லை. மூன்று அளவும் சரியாக வந்தாலும் எர்த் வலுவானது என்று அர்த்தமில்லை. மல்டிமீட்டர் எடுக்கும் மின்னோட்டம் ஒன்றுமேயில்லை, ஆகவே மெலிந்துபோன எர்த்தும் அதன் கண்ணுக்கு நல்ல எர்த்தாகவே தெரியும். அதை எர்த் டெஸ்டர் வைத்துத்தான் அளக்க வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் பல்பைப் போட்டுப் பார்க்கும் நாட்டு வைத்தியம் வேண்டாம். எர்த் அறுந்திருந்தால் பல்பைப் போட்ட நேரத்தில் வீட்டிலுள்ள எல்லாப் பெட்டிகளுக்கும் கரண்ட் ஏறிவிடும். மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் ஸ்விட்ச்) இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஓனரிடம் முதலில் கேட்க வேண்டியது அதுதான், குழி அல்ல.

பிற்பாடு ஓனர் மனம் மாறி ராடு அடிக்க விட்டாலும், அது வீட்டு எர்த்தோடு இணைந்தே இருக்க வேண்டும். ரேடியோவுக்குத் தனி எர்த், வீட்டுக்குத் தனி எர்த் என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். லால்பாக் பாறை இந்த ஊரின் அடியில் என்ன இருக்கிறது என்று காட்டுகிறது. மேலே செம்மண், கொஞ்சம் கீழே பாறை, கோடையில் காய்ந்துபோய்க் கிடக்கும். இந்த மண்ணில் ஒற்றை ராடு 50 ஓம் காட்டினால் ஆச்சரியமில்லை. அதில் மட்டும் ரிக்கைக் கட்டி ஃபேஸ் உடம்பில் பட்டுவிட்டால் ஓடுவது 230-ஐ 50-ஆல் வகுத்த 4.6 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் விழும் ஸ்விட்ச்) அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. ஆர்.சி.சி.பி.யும் இல்லாவிட்டால் ரிக்கில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். இடி அருகில் விழும்போது இரண்டு எர்த்துக்கும் நடுவே எழும் மின்னழுத்த வித்தியாசமும் உங்கள் மேஜை வழியாகத்தான் தீரும்.

இனி உதட்டுக்கு மருந்து. அந்த ரேடியோ அலை மின்னோட்டம் அறைக்குள் வராமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. ஒற்றைக் கம்பி ஆன்டெனாவுக்கு மறுபாதி என்று ஒன்று தேவை. நீங்கள் அதைக் கொடுக்கவில்லை, ஆகவே அது உங்கள் வீட்டு வயரிங்கையே மறுபாதியாக எடுத்துக்கொண்டிருக்கிறது. என் முதல் யோசனை டைபோல், அதாவது நடுவில் பிரித்து இரண்டு சம பாதிகளாக நீட்டிய கம்பி. இரண்டு பாதியும் ஆன்டெனாவிலேயே இருப்பதால் அதற்கு மண் வேண்டியதில்லை. 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்த நீளம் சுமார் 20 மீட்டர். 30-40 சைட்டின் மூலைக்கு மூலை 50 அடி, அதாவது 15 மீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான். ஆகவே நேராகக் கட்ட முடியாது. டேங்க் பக்கத்தில் ஒரு கம்பம் நட்டு நடுப்பகுதியை உயர்த்தி, இரண்டு கைகளையும் மூலைகளை நோக்கிச் சரித்துக் கட்டி, மிஞ்சும் நுனிகளை மடக்கிக்கொள்ளலாம். மடக்குவதால் கொஞ்சம் ட்யூன் விலகும், நீளத்தை வெட்டிச் சரிசெய்துகொள்ளலாம். நுனிகளில்தான் மின்னழுத்தம் அதிகம். துணி காயப்போட வருகிறவர்கள் கைக்கு எட்டாதபடி கட்டுங்கள். தெருவில் போகும் கரண்ட் கம்பிகளின் பக்கம் டைபோலின் எந்தக் கையும் சாயக்கூடாது, அறுந்து விழுந்தாலும் அவற்றின் மேல் விழாத தூரத்தில் இருக்க வேண்டும்.

டைபோலின் நடுவில் கோயாக்ஸ் சேரும் இடத்தில் ஒரு சோக் (கேபிளின் வெளிப்புறத்தில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருள்) வேண்டும். இல்லையென்றால் கோயாக்ஸின் வெளிப்பின்னல் மூன்றாவது கையாக மாறி, மின்னோட்டத்தை அறைக்குக் கூட்டிவந்துவிடும். 31 அல்லது 43 ரகத்தைச் சேர்ந்த பெரிய ஃபெரைட் (காந்தப் பண்புள்ள பீங்கான்) வளையத்தில் மெல்லிய கோயாக்ஸை 10, 12 சுற்று சுற்றினால் போதும். ஃபெரைட் கிடைக்காவிட்டால் 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயில் 6 மீட்டர் கோயாக்ஸை ஒட்டி ஒட்டி 17 சுற்று சுற்றலாம். காசு குறைவு, ஆனால் மேல் பேண்டுகளில்தான் அது நன்றாக வேலை செய்கிறது, 40 மீட்டரில் சுமார்தான். வாங்கும்போது ரகம் கேட்டு வாங்குங்கள். எஸ்.பி. ரோட்டில் பழைய எஸ்.எம்.பி.எஸ்.களிலிருந்து கழற்றிய மஞ்சள் வளையங்களைக் கூறு கட்டி விற்பார்கள், அவை இரும்புத்தூள் வளையங்கள், இதற்கு ஆகாது.

இருக்கிற ஒற்றைக் கம்பியைத்தான் வைத்துக்கொள்ளப்போகிறேன் என்றால் அதற்கு மறுபாதியைக் கொடுத்துவிடுங்கள். பத்தரை மீட்டர் இன்சுலேஷன் உள்ள வயரை டியூனரின் எர்த் முனையில் மாட்டி, சுவரோரமாகவோ பால்கனி வழியாகவோ ஓட்டுங்கள். 20 மீட்டர் பேண்டுக்கு இன்னொன்று, ஐந்தே கால் மீட்டர் நீளம். மறுமுனையை எதிலும் கட்டக்கூடாது, நுனிக்கு நன்றாக டேப் சுற்றுங்கள். பேசும்போது அந்த நுனியைக் குழந்தை தொட்டால் வெந்துவிடும். இது என் அறையில் நன்றாக வேலை செய்தது, நண்பர் ஒருவர் அறையில் அரைகுறையாகத்தான் செய்தது. சுவருக்குள் ஓடும் வயரிங்கும் கூரையிலுள்ள முறுக்குக் கம்பியும் வீட்டுக்கு வீடு வேறு, நீளத்தை அரை அரை மீட்டராக மாற்றிப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். முடிந்தால் டியூனரையே மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் மறுபாதிக் கம்பியையும் அங்கேயே விரித்து, அறைக்கு வரும் கோயாக்ஸில் சோக் போடுவது இதைவிட நல்லது.

எதைச் செய்தாலும் மேஜைக்குப் பின்னால் ஒரு செம்புப் பட்டையை வைத்து ரிக், டியூனர், பவர் சப்ளை, கம்ப்யூட்டர் உடம்பு ஒவ்வொன்றையும் அதில் தனித்தனியாக, முடிந்தவரை குட்டையாக இணைத்துவிடுங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு என்று சங்கிலியாகக் கோர்க்க வேண்டாம். பழைய தடித்த கோயாக்ஸின் பின்னலை உருவித் தட்டையாக்கினால் நல்ல பட்டை கிடைக்கும். 7 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு ஆழத்துக்குத்தான் இறங்கும், ஆகவே உருண்டைக் கம்பியைவிட அகலப் பட்டை மேல். எல்லாப் பெட்டிகளும் ஒரே அளவில் ஏறி இறங்கினால் அவற்றுக்கு இடையில் மின்னோட்டம் ஓடாது, மௌஸ் உறைவதும் பெரும்பாலும் அதோடு நிற்கும். யு.எஸ்.பி. கேபிளில் ஒரு ஃபெரைட்டும் போட்டுவிடுங்கள்.

இடியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மொட்டைமாடியில் கம்பி கட்டியவர் கேட்டிருக்க வேண்டும். ஏப்ரல், மே சாயங்காலங்களில் மாங்காய் மழை இங்கே எப்படி வரும் என்று தெரியுமே. மேலே சொன்ன 15 மைக்ரோஹென்றிக் கம்பியில் மைக்ரோவினாடிக்கு பத்தாயிரம் ஆம்பியர் வீதம் மின்னோட்டம் ஏறினால் இரு முனைகளுக்கும் நடுவே ஒன்றரை லட்சம் வோல்ட். நேரடியாக விழும் இடியிலிருந்து இந்த மேஜையைக் காப்பாற்றுகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். தூரத்து இடியால் கம்பியில் தூண்டப்படும் மின்னழுத்தம்தான் அடிக்கடி வருவது. அதற்கு வாயு நிரப்பிய அரெஸ்டர் (மின்னழுத்தம் மிஞ்சினால் அதை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி) உதவும், ஆனால் அதை வெளிச்சுவர் வழியாக எர்த்தோடு சேர்க்க ஓனரின் சம்மதம் வேண்டும். அதுவரை பேசி முடித்ததும் ஆன்டெனாக் கம்பியை, டைபோல் என்றால் கோயாக்ஸை, கழற்றி ஜன்னலுக்கு வெளியே விடுங்கள், பவர் சப்ளை பிளக்கையும் பிடுங்குங்கள். இடிச் சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகு கழற்றப் போகாதீர்கள், அந்தக் கம்பியைக் கையால் தொடவே கூடாத நேரம் அது. கழற்றிய முனையைக் கண்ணாடி பாட்டிலுக்குள் போட்டு வைக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. சில கிலோமீட்டர் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்த மின்னல் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கா நிற்கப்போகிறது?

முதலில் ப்ளக் பாயின்ட்டைச் சோதியுங்கள், அதுவரை ரிக்கைப் போட வேண்டாம். அடுத்து மறுபாதிக் கம்பி, அதற்கு ஒரு சாயங்காலமும் ஒரு சுருள் வயரும் போதும். டைபோலை ஓனரிடம் பேசிவிட்டு நிதானமாகக் கட்டலாம். அதற்கு அப்புறமும் மைக் கடித்தால் எந்த பேண்டில், எத்தனை வாட்டில் என்பதையும், பவரை 20 வாட்டுக்குக் குறைத்தால் நிற்கிறதா என்பதையும், கம்பி மொட்டைமாடியில் எந்தத் திசையில் எவ்வளவு நீளம் போகிறது என்பதையும் எழுதுங்கள்.